ஆறு மூட்டு அலமாரி

வரதராஜன்பேட்டை
10.11.2024

அண்ணன் செபஸ்டினுக்கு,

உன் நம்பரை நான் பிளாக் பண்ணி வைத்திருப்பது உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இப்போதைக்கு அதை எடுப்பதாக இல்லை. போன மாதம் போனில், "நீ அந்த வூட்டுக்கு மருமகளா போகல, சம்பளமில்லாத வேலைக்காரியா போயிருக்க" என்று சொன்னாய். மறுநாள் கேட்டால், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாய். அதனால்தான் கடிதம். எழுதினதை நீ விழுங்க முடியாது. தபால் ஆபீசில் முத்திரை குத்திக் கொடுக்கிறவள் கடிதம் எழுதுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். சீருக்கு நீ செய்து கொடுத்த மர அலமாரியின் முன்சட்டம் பிளந்து நிற்கிறது. இடதுபக்கம் கீழ்மூலையில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கதவு சட்டத்தில்தானே தொங்குகிறது, அதனால் அதுவும் இறங்கிவிட்டது. பூட்டு விழவில்லை. நாலு நாள் மழையில் இன்னும் மோசம்.

அத்தை பக்கத்துத் தெரு கருப்பண்ணன் ஆசாரியை அழைத்து வந்து காட்டினார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பசையே போடலியேம்மா. வெறும் ஸ்க்ரூவுல நிக்குது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா ஒரு மணி நேரத்துல மொத்தத்தையும் கழட்டிப்புடலாம்" என்றார். அத்தை அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

மறந்தாயா, அவசரத்தில் விட்டாயா, வேறு எதுவுமா? பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. என் ஆபீசுக்கு அனுப்பு.

பிரியா


பெரம்பலூர்
15.11.2024

பிரியாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு சரி.

யாரோ ஒரு ஆசாரி டார்ச் அடித்துச் சொன்னால் அது வேதவாக்கா? அது பாக்கெட் ஹோல் வேலை. குறுக்குச் சட்டத்தின் பின்பக்கம் சாய்வாகத் துளை போட்டு, ஸ்க்ரூவை உள்ளே விட்டு, நிலைச்சட்டத்தோடு இழுத்து இறுக்குகிற முறை. அந்த ஸ்க்ரூவே போதும். சிறுவாச்சூரில் ஒரு ஓட்டலுக்கு இதே முறையில் இருபது மேசை செய்து போட்டிருக்கிறேன், ஒன்றுகூட ஆடவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் ஆடுகிறது என்றால் தரை சரியில்லை, அல்லது யாரோ இழுத்து நகர்த்தியிருக்கிறார்கள்.

எனக்கு இடிப்பது வேறு. உள்ளே பசை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து டார்ச் அடித்தால் எப்படித் தெரியும்? மூட்டைத் திறந்தால்தான் தெரியும். ஆறு மூட்டிலும் துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு அனுப்பினேன். அந்தக் குச்சிகள் இருக்கின்றனவா பார். உள்ளே குனிந்து, துணிகளை எடுத்துவிட்டு, சட்டத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார். பார்த்ததை எனக்கு எழுது. அங்கே யாரிடமும் சொல்லாதே.

அக்கா உனக்கு இரண்டு ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறாள்.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
21.11.2024

அண்ணனுக்கு,

பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை. மூட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு துளையும் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. சில இடங்களில் பாலிஷ் கீறியிருக்கிறது. கீறல் புதிதல்ல, தூசி படிந்திருக்கிறது. கருப்பண்ணன் ஆசாரி குச்சியைத் தொடவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு முன்பே யாரோ அலமாரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாரையும் ஒருமாதிரி பார்க்கிறேன். அத்தை என் அறையைக் கூட்ட வந்தால் எழுந்துபோய் அலமாரிப் பக்கம் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்கூலிலிருந்து வந்து சட்டையை மாட்டுவதற்கு அலமாரியைத் திறந்தால் கையைப் பார்க்கிறேன். எதற்குக் கழற்ற வேண்டும்? உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்? இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது நீ.

ஆனால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஸ்க்ரூவே போதும் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து உன் பட்டறையில் தரை கூட்டினவள் நான். "ஸ்க்ரூங்கறது பசை காயற வரைக்கும் பிடிச்சுக்கற கை, அவ்வளவுதான். காய்ஞ்சப்புறம் நிக்கறது பசை" என்று வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாய். என் பள்ளிக்கூட ஸ்டூலுக்கே பசை வழிய வழிய வைத்தவன், என் கல்யாண அலமாரிக்கு மறந்தாயா?

எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அக்காவின் அலமாரி ஞாபகம் வருகிறது. அது இல்லை என்று நீயே சொல்லிவிடு.

நான் நாலு மாதம். அம்மாவிடம் நீ சொல். உன்னிடம் முதலில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பிரியா


பெரம்பலூர்
28.11.2024

பாப்பா,

அம்மாவிடம் சொன்னேன். அழுதாள், பிறகு கேசரி கிண்டினாள். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம்தான்.

சரி, கேட்டுவிட்டாய். சொல்கிறேன். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் பசை வைக்கவில்லை. ஆறு மூட்டிலும்.

அக்காவுக்கு நான் செய்த அலமாரிதான் நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை. பசையை இரண்டு கை, இரண்டு பூச்சாக வைத்தேன். முதல் கையைச் சட்டத்தின் முனை குடித்துவிடும், அது ஊறினபிறகு இன்னொரு கை வைத்து இறுக்கினால் சாகும்வரை விடாது. யானை ஏறினாலும் அசையாது என்று ஜெயங்கொண்டத்தில் அவள் புகுந்த வீட்டில் எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். மூன்றே வருஷத்தில் அவள் ஒரு பையோடு வெளியே வந்தாள். சீர்ச் சாமானை எடுக்கப் போனோம். நீ அப்போது காலேஜில் இருந்தாய், உன்னைக் கூட்டிப்போகவில்லை. அலமாரி உள்ளே போனபிறகு அவர்கள் வாசலில் இரும்புக் கேட் வைத்திருந்தார்கள். முழுசாக வெளியே வராது. அவனுடைய அண்ணன் டீ குடித்துக்கொண்டே, "ஒட்டுனது நீங்கதான, நீங்களே பிரிச்சுக்குங்க" என்றான்.

பிரிக்கப் பார்த்தேன். மூட்டில் உளியை வைத்து அடித்தால் மரம் கிழிகிறது, பசை விடவில்லை. கடைசியில் ரம்பம் எடுத்தேன். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து நானே செய்ததை நானே துண்டு துண்டாக அறுத்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குட்டியானை வண்டியில் உட்கார்ந்திருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன். உனக்குச் செய்கிறதை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போனால் கழற்றி எடுத்து வருகிற மாதிரித்தான் செய்வேன் என்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. நீ என்னைத் திட்டலாம். ஆனால் ஒன்றை யோசி. எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அங்கே யாருக்கோ முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. உன் சர்டிபிகேட்டையும் ஆபீஸ் காகிதங்களையும் அந்த அலமாரியில் வைக்காதே.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
9.12.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அக்காவுக்காக ஒரு முறை அழுதேன். மற்ற இரண்டு முறையும் உன்மேல் கோபம்தான். பாதிரியார் முன்னால் நான், "வாழ்நாளெல்லாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற நீ அலமாரியைத் திரும்ப ஏற்றுவதற்கு வண்டி பார்த்துக்கொண்டிருந்தாய். அதுதானே?

குச்சியை எடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். தாங்க முடியாமல் என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். "நான்தான்" என்றார். சீர் வந்த அன்று மாடிப்படித் திருப்பத்தில் அலமாரி திரும்பவில்லையாம். நீங்கள் எல்லாரும் பந்தியில் இருந்தீர்களாம். உங்களைக் கூப்பிட்டால் சங்கடப்படுவீர்கள் என்று அவரும் அவர் நண்பரும் சட்டத்தைக் கழற்றி மேலே ஏற்றி மறுபடி மாட்டினார்களாம். "அப்ப பசை இல்லாதது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "படி குறுகலுன்னு தெரிஞ்சு அப்படி செஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மையிலேயே அப்படி நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன்னால் அவர் சொன்னதை நான் இப்படி எடைபோட்டதே இல்லை.

அத்தைக்கும் புரிந்துவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பொண்ண அனுப்பும்போதே திரும்பக் கூட்டிக்கிட்டு போறதுக்கு வழி பண்ணி அனுப்பிருக்காங்க" என்றார். அவருடைய தங்கை மருமகள் தலைப்பிரசவத்துக்குப் போனவள், பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் திரும்பவில்லை. அந்தப் பயம் அவருக்கு. அதனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு நீங்கள் என்னைக் கூட்டிப்போக வேண்டுமானால், அதற்கு முன்னால் நீ வந்து அவர்கள் கண்முன்னால் ஆறு மூட்டுக்கும் பசை வைக்க வேண்டும். இல்லையென்றால் பிரசவம் இங்கேதான். "கருப்பண்ணனுக்கு வைக்கத் தெரியாதா? ஆனா அவன் வைக்கக் கூடாது. யாரு விட்டாங்களோ அவங்கதான் வைக்கணும்" என்றார்.

சட்டத்தைச் செய்தது நீ. பதிலையும் நீயே சொல்.

பிரியா


பெரம்பலூர்
18.12.2024

பிரியாவுக்கு,

முடியாது.

கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் சட்டத்தைக் கழற்றியவர், பசை இல்லை என்று பார்த்தவர், ஏழு மாதம் உன்னோடு ஒரே அறையில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தவர் இன்னும் எதையெல்லாம் உள்ளே வைத்திருக்கிறார்? அக்கா வீட்டுக்காரனும் இப்படித்தான், அதிர்ந்து பேசமாட்டான். ஊரே நல்லவன் என்றது.

மடியில் கனம் இல்லாதவர்களுக்கு வழியில் என்ன பயம்? உன்னை நன்றாக வைத்திருக்கிறவர்கள் ஒரு மர அலமாரி கழன்று வருமா வராதா என்று ஏன் பார்க்க வேண்டும்? பசை வைத்துவிட்டால் அப்புறம் ரம்பம்தான், வேறு வழி கிடையாது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவது ஊர் வழக்கம். அதற்கு யாரும் நிபந்தனை போட முடியாது. நேராக வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

அம்மா கிறிஸ்துமஸ் கேக் கொடுத்து அனுப்பச் சொன்னாள். பார்சல் போட்டிருக்கிறேன். பிரித்து ஒட்டியிருந்தால் எனக்குச் சொல்.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
8.1.2025

அண்ணா,

கேக் வந்தது. யாரும் பிரிக்கவில்லை. கேக்கையாவது சந்தேகப்படாமல் விடு.

நீ வந்து சண்டை போட்டுக் கூட்டிப்போனால் நான் வரமாட்டேன். அப்படி வந்தால் அத்தை சொன்னதுதான் உண்மை என்றாகிவிடும், நீ நினைத்ததும் உண்மை என்றாகிவிடும். உங்கள் இரண்டு பேருக்கும் ஜெயித்த திருப்தி கிடைக்கும். நான் எங்கே நிற்பேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. கால் வீங்குகிறது. ராத்திரியில் அம்மா என்று வாய் வருகிறது. அம்மா கையால் வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அக்கா பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இதற்கு நடுவில் ஒரு பாட்டில் பசை வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மாதமாகத் தினமும் காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து, ஒரு அட்டையை நாலாக மடித்து அலமாரியின் இடதுகால் அடியில் செருகுகிறார். அது கதவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது, பூட்டு விழுகிறது. அட்டை நசுங்கிப்போகும், அடுத்த நாள் புது அட்டை. தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு பார்த்தேன். முதலில், எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு புரிந்தது. அத்தை வந்து பார்க்கும்போது கதவு நேராக இருக்க வேண்டும், என்னை ஒன்றும் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான்.

இதைச் செய்கிற ஆளையும் ஜெயங்கொண்டத்து ஆளையும் ஒரே தராசில் வைக்கிறாய். உனக்குத் தைரியம் இருந்தால் பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பசையோடு வா. இல்லாவிட்டால் வராதே, கடிதமும் போடாதே.

பிரியா


பெரம்பலூர்
16.1.2025

பிரியாவுக்கு,

உன் கடிதத்தை அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என் கதைய அவ தலையில ஏன்டா கட்டுற" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வருகிறேன். உனக்காக வருகிறேன், அவர்களுக்காக இல்லை. அலமாரியைக் காலி பண்ணி வை. கீழே விரிக்கப் பழைய போர்வை ஒன்று. மழைத்தண்ணீர் படாத இடம். மூட்டின் உள்ளே பாலிஷ் இறங்கியிருந்தால் பசை பிடிக்காது, அதனால் ஒவ்வொரு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். இரண்டு மணி நேர வேலை. பசை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினபிறகு ஒரு நாள் முழுக்க யாரும் கதவைத் தொடக்கூடாது.

வேலை செய்யும்போது யாரும் என் தலைமேல் நிற்கக் கூடாது. பார்க்க வேண்டுமென்றால் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். வாசலில் கேட் கீட் வைத்திருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

வளைகாப்புக்கு அம்மா ஏழு சாதமும் கட்டிக்கொண்டு வருவாள்.

செபஸ்டின்


பெரம்பலூர்
14.9.2025

பாப்பா,

நீயும் குழந்தையும் போய் ஒரு வாரம் ஆகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. தொட்டில் கட்டின கொக்கியை அம்மா கழற்ற விடவில்லை, போகிற வருகிற நேரமெல்லாம் என் தலையில் இடிக்கிறது. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்காதே. நம்பரைத் திறந்துவிட்டாய், சந்தோஷம். ஆனால் சிலது எனக்குப் போனில் வாய் வராது, உனக்குத் தெரியும்.

அலமாரி எப்படி இருக்கிறது? பிப்ரவரியில் வைத்த பசை இந்நேரம் கல்லாக இறுகியிருக்கும். இடதுபக்கம் கீழ்மூட்டு மட்டும் கொஞ்சம் மயிரிழை விட்டிருந்தால் பயப்படாதே, ஆவணி மழைக்கு மரம் அப்படித்தான் விளையாடும். யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். அந்த ஆசாரியைக் கூப்பிடவே வேண்டாம். அந்த மூட்டின்மேல் யாரும் கைவைக்க வேண்டாம்.

குழந்தைக்குச் சளி பிடித்ததா? முந்திரித் தோப்புப் பக்கம் மருந்து அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்து.

பசை வைக்க வந்த அன்றைக்கு உன் வீட்டில் சாப்பிட்ட மீன்குழம்பு நன்றாக இருந்தது என்று உன் அத்தையிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
22.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீன்குழம்பு விஷயத்தைச் சொன்னேன். "ஏழு மாசம் கழிச்சா ருசி தெரிஞ்சுது?" என்றார் அத்தை. ஆனால் அன்று சாயங்காலம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று வீட்டில் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். யாரும் கேட்காமலே இடதுபக்கம் கீழ்மூட்டைப் பற்றி நீயாகவே நாலு வரி எழுதியிருக்கிறாய். ஐந்து மூட்டு மரத்தோடு மரமாக இருக்கின்றன. அந்த ஒன்றில் மட்டும் கோடு தெரிகிறது. மழை அந்த மூலையில் மட்டுமா பெய்தது?

நேற்று இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அண்ணன் எல்லாவற்றிலும் ஒழுங்காகப் பசை வைத்தானே, இது மட்டும் எப்படி விட்டது என்றேன். அவர் பாப்பாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "அதுல பசை பிடிக்காது. உங்கண்ணன் மெழுகு தடவிட்டாரு" என்றார்.

அன்றைக்கு ஸ்க்ரூ வழுக்கி இறங்க வேண்டும், ஒரு மெழுகுத் துண்டு கொடுங்கள் என்று அத்தையிடம் கேட்டாயே. மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சின துண்டை அத்தையே எடுத்து உன் கையில் கொடுத்தார். ஸ்க்ரூவுக்கு மெழுகு தேய்ப்பது வழக்கம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்து மூட்டுக்கு ஸ்க்ரூவில் மட்டும் தேய்த்தாய். ஆறாவதில் சட்டத்தின் முனையிலேயே தேய்த்துவிட்டு, அதன்மேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி பசையும் வைத்து, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டாய். நாங்கள் எல்லாம் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மெழுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே உனக்குப் போன் போட்டிருப்பேன். ஐந்து மூட்டை ஒட்டிவிட்டு ஒன்றை விட்டால் அலமாரி கழன்று வந்துவிடுமா? தச்சு வேலை செய்கிற உனக்கு இது தெரியாதா? யாரை ஏமாற்ற அது? போனை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல? அத்தைகிட்ட சொல்லாட்டியும் என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா நீ ஊருக்குப் போயிருக்க முடியாது. அம்மா விட்டிருக்காது" என்றார். பிறகு மடியில் கிடந்த பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டே, "அது ஒண்ணு இருக்கட்டும் பிரியா. எதுக்கும் ஆவாதுன்னு அவருக்கே தெரியும். ஆனாலும் அவருக்கு வேண்டியிருக்கு. நாளைக்கு இவளுக்கு நான் சீர் அனுப்பும்போது, எத்தனை மூட்டுல மெழுகு தடவுவேனோ" என்றார்.

அண்ணா, பத்து மாதமாக உங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அத்தையை, உன்னை, அவரை. அவரை அதிகமாக. அதற்காக நேற்று மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த மூட்டை நாங்கள் தொடமாட்டோம். காலுக்கு அடியில் அட்டை வைத்துக்கொள்கிறோம். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் தங்கை
பிரியா


பெரம்பலூர்
27.9.2025

பாப்பா,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். அதற்குப்பிறகு மெஷினை ஓட்ட முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் செய்தது தப்பு. உன் அத்தை கொடுத்த மெழுகையே வாங்கி அவர் முன்னாலேயே அதைச் செய்தது இன்னும் பெரிய தப்பு. அதை அவரிடம் நானே சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல். அந்த ஆறாவது மூட்டின் ஸ்க்ரூவை எடுத்து, கத்தி நுழைகிற அளவுக்கு நெம்பி, மெழுகைச் சுரண்டி, நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறேன். பசையை மாப்பிள்ளைதான் வைக்க வேண்டும். இரண்டு கை வைக்க வேண்டும் என்று சொல். முதல் கையை மரம் குடித்துவிடும், பொறுமையாக இருந்து இரண்டாவது வைக்க வேண்டும். ஸ்க்ரூவை நான் இறுக்குகிறேன்.

அக்காவும் வருகிறாளாம். பஸ் ஜெயங்கொண்டம் வழியாகத்தான் போகும் என்றேன். "போகட்டும்" என்றாள். குழந்தைக்குத் தைத்த கவுனைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

செபஸ்டின்